ஒத்தக்கை கானா

'சல்லடை' என்ற சோதனை இயந்திரம் தன் முடிவை ஒரே வரியில் அனுப்பியிருந்தது: மனிதர் பாடியதற்கான வாய்ப்பு மூன்று விழுக்காடு.

மகதி அதைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டு. 'ஒத்தக்கை கானா' என்று யாரும் கேள்விப்படாத ஒரு பெயர். ராயபுரத்து டயாலிசிஸ் மையம் ஒன்றிலிருந்து வந்த விண்ணப்பம். இட்டுக்கட்டியது என்று எழுதித் தள்ளிவிட்டால் மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். மனிதர் பாடிய பாட்டுகளுக்கான பொதுக் களஞ்சியத்தின் பதிவு நடுவரான அவளுக்குத் தள்ளுவதில் எந்த ஆபத்தும் இல்லை. சேர்ப்பதில்தான் ஆபத்து.

அது அவளுக்குத் தெரிந்த அளவு தரமணி அலுவலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன் 'மழைக்கானா' என்ற ஒரு பாட்டு வகையை அவள்தான் பதிவில் ஏற்றினாள். அந்த ஒரு வாசல் வழியாக நாற்பதாயிரம் இயந்திரப் பாட்டுகள் உள்ளே வந்துவிட்டன. பாடகர்கள் என்று வந்து நின்ற ஐந்து பேரும் ஒரே ஆளின் மைத்துனனும் சித்தப்பா மகன்களுமாக இருந்தார்கள். வாயசைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மகதி தலை குனிந்து மன்னிப்புக் கேட்டாள். இனி அப்படி நடக்காமல் இருக்க, ஒருவருக்கொருவரோ நடுவருக்கோ உறவான சாட்சிகளைத் தடுக்கும் விதியைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். அலுவலகத்தில் அதற்கு 'மகதி விதி' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"மூணு சதவீதம்தானா?" தலைமை நடுவர் உத்ரா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "அப்புறம் எதுக்கு யோசிக்கிறீங்க? அந்தம்மா வேற காலைல எட்டு மணிலேருந்து வரவேற்பறைல உட்கார்ந்திருக்காங்க. பார்த்துப் பேசி அனுப்பிடுங்க. பாவம், தண்ணி கூட குடிக்கலை."

அந்தம்மாவின் பெயர் ஃபரீதா. ஐம்பது வயதிருக்கும். டயாலிசிஸ் மையத்தில் இருபது வருடமாக மிஷின் பார்க்கிறவர். மடியில் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா மூடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது எதுக்கு?" என்றாள் மகதி.

"இதாம்மா வாத்தியம். நீ எதுனா கேப்பன்னு எட்தாந்தேன்."

"உங்க பாட்டெல்லாம் மிஷின் போட்டதுன்னு எங்க சோதனை சொல்லுது. மனுஷங்க பாடினா தாளம் கொஞ்சமாவது முன்னப்பின்ன போகும். மூச்சு வாங்கும். இதுல ஒரு நூல்கூடப் பிசகலை."

ஃபரீதா அவளைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "எப்டிம்மா பிசகும்? தாளம் போடறது பம்பு."

"எந்த பம்ப்?"

"மிஷின்ல ஒரு உருளை சுத்தும்மா. ரப்பர் டியூப்ப அமுக்கி அமுக்கி ரத்தத்த தள்ளும். புது மிஷின்லாம் சத்தம் போடாது. எங்களாண்ட இருக்கறது பழசு. டொக்கு டொக்குனு நாலு மணி நேரம் ஓடும். ஒரு கைல ஊசி ரெண்டு குத்தி வச்சிருப்போம், அந்தக் கைய ஆட்டக்கூடாது. இன்னொரு கை சும்மா இருக்குது. மனுசன் இன்னா பண்ணுவான்? தட்டுவான். பாடுவான்."

டிபன் மூடியை இடக்கையால் தட்டி அவரே இரண்டு வரி பாடிக் காட்டினார்.

"அரை லிட்டரு தண்ணியில பாதி போச்சு டீயி
மாத்திரைக்கு மீதி போச்சு, மழையப் பாரு நீயி..."

மகதிக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்தது. ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர் என்று கட்டுப்பாடு உள்ளவர்களின் பாட்டு. தண்ணீரைப் பற்றி மட்டும் எழுபது பாட்டு இருந்தது ஏன் என்று இப்போதுதான் புரிந்தது.

"கை தட்டணும்னா ரெண்டு கை வேணுமே?" என்றாள்.

"அதுக்குத்தான் ஜோடி. இடது கைல ஊசி போட்டவங்கள ஒரு பக்கம், வலது கைல போட்டவங்கள இன்னொரு பக்கம் உக்கார வப்போம். ரெண்டு பேரோட சும்மா இருக்கற கையும் நடுவுல சந்திக்கும். ஜோடி இல்லாதவங்களுக்கு வெளிய இருந்து யாராச்சும் வருவாங்க. வாசல் நோட்டுல 'கை'ன்னு எழுதினா வாட்ச்மேன் விட்டுடுவாரு. அது எங்க வழக்கம்."

"பாடினவங்க பேரே இல்லையே? மூணாம் நாற்காலி, ஏழாம் நாற்காலின்னுதான் போட்டிருக்கீங்க."

"பாட்டு நாற்காலியோடதும்மா. ஆளோடது இல்ல." ஃபரீதாவின் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. "ஆள் போய்டுவாங்க. அதே நாற்காலில அடுத்த வாரம் புதுசா ஒருத்தர் வருவாரு. பயந்துகினு உக்காந்திருப்பாரு. பக்கத்து நாற்காலி அவருக்கு அந்த நாற்காலிப் பாட்ட கத்துக் குடுக்கும். அப்புறம் அவரு தம் பங்குக்கு ரெண்டு வரி சேப்பாரு. ஏழாம் நம்பர்ல இப்ப மூணாவது ஆளு."

மகதி ஒலிக்கோப்புகளைத் திறந்தாள். நம்பத் தோன்றியது. நம்பத் தோன்றியதாலேயே பயமாகவும் இருந்தது. மழைக்கானாக்காரர்களும் இப்படித்தான் அழகாகப் பேசினார்கள்.

நாற்பத்தேழாவது பாட்டில் அவள் காது நின்றது. பதினோராவது நிமிடத்தில் தாளம் திடீரென்று மெதுவானது. பாடுகிறவர் அரை நொடி தடுமாறினார். பிறகு அதே பாட்டை அந்த மெதுவான தாளத்துக்கே பிடித்துக்கொண்டு போனார்.

"இங்க என்ன ஆச்சு?"

ஃபரீதா காதைச் சாய்த்துக் கேட்டார். "கோதண்டம் அண்ணன். மூணாம் நம்பர். பிரஷர் எறங்கிடுச்சு. எறங்கினா பம்பு வேகத்த முந்நூறுலேந்து இருநூத்தம்பதுக்கு கொறச்சிடுவோம். தலை சுத்தும், கண்ணு இருட்டும்."

"பாட்டை நிறுத்தலையே?"

"நிறுத்தினா பக்கத்துல இருக்கறவங்க பயந்துடுவாங்கல்ல?"

மகதி மையத்தின் சிகிச்சைக் குறிப்புகளை வரவழைத்தாள். பாட்டுகளில் தாளம் இறங்கிய இடங்கள் முப்பத்தொன்று. பம்ப் குறைக்கப்பட்ட நேரங்கள் முப்பத்தொன்று. நிமிடத்துக்கு நிமிடம் பொருந்தின. குறிப்புகளை எழுதியவர்கள் ஆறு வெவ்வேறு நர்சுகள். பாட்டைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அதனால்தான் அவளால் அதை நம்ப முடிந்தது. எந்த இயந்திரமும் ஒரு மனிதனுக்குத் தலை சுற்றுவதைப் பொய்யாக இட்டுக்கட்டி, பத்து வருடத்து ஆஸ்பத்திரி நோட்டோடு சேர்த்துவைக்க முடியாது.

கணக்கைச் சல்லடைக்குள் போட்டாள். மூன்று விழுக்காடு என்பது தொண்ணூற்றாறு ஆனது.

"ஆறு மணிக்கு மேல இன்னா ஆவும்மா?" என்று மெல்லக் கேட்டார் ஃபரீதா.

"இன்னைக்கு காலாண்டோட கடைசி நாள். பதிவு இல்லாத பாட்டை எல்லாம் சல்லடை அழிச்சிடும். எந்த போன்லயும் எந்தக் கிடங்குலயும் மிஞ்சாது." செத்துப்போன அம்மாவின் குரலில் ஓர் இயந்திரம் மகனைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. அதற்குப் பயந்து போட்ட சட்டம் அது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்தச் சட்டத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டில் உள்ள குரல்களில் பாதிக்கு மேல் இப்போது உயிரோடு இல்லை என்பது தெரியாது. அவர்கள் வீடுகளில் அந்தப் பாட்டுத்தான் மிச்சம்.

"அஞ்சு பேர் வேணும். இப்பவும் பாடிட்டு இருக்கிற அஞ்சு பேர், பேரோட, கைரேகையோட. நீங்க குடுத்திருக்கிற அஞ்சும் சரியா இருக்கு," என்றாள் மகதி. "மூன்றரைக்கு விசாரணை. நான் சாதகமாத்தான் எழுதப் போறேன்."

ஃபரீதா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அதே நேரத்தில் அவருடைய போன் அடித்தது. எடுத்துக் கேட்டார். டிபன் மூடி மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்து சுழன்று சுழன்று அடங்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"கோதண்டம் அண்ணன்," என்றார். "வூட்லயே. காலைல காபி கேட்டாராம்."

ஐந்து சாட்சி நான்காகிவிட்டது. அதைச் சொல்ல மகதிக்கு வாய் வரவில்லை. சொல்லாமலே ஃபரீதாவுக்குப் புரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார்.

"இன்னொருத்தர் இருக்காரும்மா. ஏழாம் நம்பர். நல்லாப் பாடுவாரு. இன்னிக்கு மத்தியான ஷிப்ட்டு. ஆனா பேரு குடுக்கமாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. பாட்டகூட ரிக்கார்டு பண்ண வுடல. கேட்டுப் பாக்கறேன். கோதண்டம் அண்ணனுக்காக குடுப்பாரு."

கால் மணி நேரம் கழித்து மகதியின் திரையில் ஐந்தாவது பெயர் வந்து விழுந்தது.

எட்வின் ராயப்பன். வயது நாற்பத்தைந்து. துறைமுகத்தில் முன்னாள் கிரேன் இயக்குநர்.

அதன் கீழே சல்லடை தானாகவே ஒரு வரி சேர்த்தது: நடுவரின் உறவினர். உறவு: கணவர். சாட்சி செல்லாது.

*

"விலகிக்குங்க," என்றார் உத்ரா. "வேற வழி இல்லை. வேற நடுவருக்கு மாத்திடுவோம்."

"மாத்தினா அடுத்த காலாண்டு ஆகிடும் மேடம். சல்லடை இன்னைக்கு ஆறு மணிக்கு."

"கானாவுக்குக் கீழ ஒரு வரி சேர்த்துடலாமே? 'டயாலிசிஸ் நோயாளிகள் சிலரும் பாடுவதுண்டு'ன்னு. மகதி, நான் ஒண்ணு கேட்கட்டுமா? இந்தப் பாட்டைப் பாடறவங்க மொத்தம் நாப்பது பேரு. அதுக்குத் தனிப் பதிவு அவசியமா?"

"ஒரு வரி இருந்தா சல்லடைக்குக் கேட்காது. தனிப் பதிவு இருந்தாத்தான் பாட்டு மிஞ்சும். அதோட இது வெறும் கானா இல்லை. நாற்காலிக்கு நாற்காலி கைமாறிப் போற பாட்டு வேற எங்கயாவது இருக்கா?"

உத்ரா கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அவரும் நீங்களும் பிரிஞ்சுதானே இருக்கீங்க?"

பிரிந்து ஆறு வருடம். விவாகரத்து மனு குடும்ப நீதிமன்றத்தில் அப்போதே முடிந்து, கடைசி ஒப்புதலுக்காகக் காத்துக் கிடந்தது. இரண்டு கட்டைவிரல் வைத்தால் போதும், ஒரு மணி நேரத்துக்குள் இருவரும் வைக்க வேண்டும். ஆறு வருடமாக அவளும் வைக்கவில்லை, அவனும் வைக்கவில்லை. ஏன் என்று இருவரும் கேட்டுக்கொண்டதும் இல்லை.

மகதி கைப்பையை எடுத்துக்கொண்டாள். "மூன்றரைக்கு ராயபுரத்துலேருந்து திரையில வரேன் மேடம்."

*

மெட்ரோவில் ஃபரீதா டிபன் மூடியை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்து வந்தார். தான் கொடுத்த பெயர் யாருடையது என்று அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது. மண்ணடி தாண்டியதும், "அதான் பேரு குடுக்கமாட்டேன்னாரா," என்று மட்டும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மையத்தின் கூடத்தில் பன்னிரண்டு நாற்காலிகள் இரண்டு வரிசையாக இருந்தன. மூன்றாம் நாற்காலியில் யாரோ வெள்ளை விரிப்பு மாற்றி மடித்து வைத்திருந்தார்கள். பன்னிரண்டில் பத்து பம்புகள் ஓடின. அந்தச் சத்தம் கூடத்துக்கே ஒரு நாடி இருப்பது போலக் கேட்டது.

அவள் உள்ளே நுழைந்தபோது அவன் பாடிக்கொண்டிருந்தான். குரல் மெலிந்திருந்தது. இடக்கையின் விரல்கள் நாற்காலிக் கட்டையில் தட்டிக்கொண்டிருந்தன.

"சொல்லாம வச்ச சேதி ஒண்ணு சொரக்காயா வீங்குது
சொல்லப் போனா வூட்டுக் கதவு உள்ள பூட்டித் தூங்குது..."

தாளம் ஓரிடத்திலும் தப்பவில்லை. இந்த ஆள் கல்யாண ரிசப்ஷனில் எல்லோரும் கைதட்டும்போது தனியாக ஒரு வேகத்தில் தட்டி, மேடையிலேயே அவளிடம் இடி வாங்கியவன். 'உனக்கு தாளம் கொரியர்ல அனுப்பினாக்கூட அட்ரஸ் தெரியாம திரும்பிப் போயிடும்' என்று எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பாள்!

அவளைக் கண்டதும் பாட்டு நின்றது. பம்ப் நிற்கவில்லை.

"நீயே வருவேன்னு நினைக்கலை, மகி."

"நானும் நினைக்கலை." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஏன் பேரு தரலை?"

"மனு உங்க ஆபீசுக்குப் போகுதுன்னு ஃபரீதாக்கா சொன்னாங்க. நீதான் பாப்பேன்னு தெரியும். உன் புருஷன் பேரைப் பார்த்தா உனக்குத் தொல்லை. மழைக்கானா சமாச்சாரத்துல உன்னைப் போட்டுக் கிழிச்சாங்களே, பேப்பர்ல படிச்சேன். மறுபடியும் எதுக்குன்னுதான்."

"மறுபடியும் நீயே முடிவு பண்ணிட்டே. எனக்குத் தொல்லைன்னு நீயே முடிவு பண்ணி, எங்கிட்ட மறைச்சு."

அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். ஆறு வருடத்துக்கு முன் நடந்த சண்டையும் இதேதான். சிறுநீரகம் பழுதானதை இரண்டு வருடம் அவளிடமிருந்து மறைத்தான். கால் வீங்கினால் ஷூ இறுக்கம் என்றான். ஒரு நாள் அலமாரியில் ரிப்போர்ட்டுகளைப் பார்த்தவள் நோய்க்காக அழவில்லை. 'என்னை யாரோ மாதிரி வச்சிருந்திருக்கே' என்றுதான் அழுதாள். அவனுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாதவன் பேசாமலேயே இருந்துவிட்டான்.

"சொல்லியிருக்கணும்," என்றான் இப்போது. "மூணு வருஷமா இந்தப் பாட்டுல அதைத்தான் சொல்லிட்டிருக்கேன். உனக்குத்தான் கேட்காது."

மகதி போனை எடுத்து அவன் முன் நீட்டினாள். குடும்ப நீதிமன்றத்தின் பக்கம் திறந்திருந்தது.

"நாம உறவா இருக்கிற வரைக்கும் உன் சாட்சி செல்லாது. நாலு பேர்தான் கணக்கு. ஆறு மணிக்கு எல்லாம் போயிடும். கோதண்டத்தோட குரலும்."

அவன் அந்தப் பக்கத்தைப் படித்தான். மெல்லப் புரிந்தது. கண்ணில் ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது. பழைய எட்வின். "அவ்வளவுதானா? போட்டுடுவோம். பதிவு ஆனதும் நாளைக்கே சர்ச்சுல போய் நிப்போம். ஃபாதர் ரெண்டாவது தடவையும் பிரியாணி கேட்பாரு."

"முடியாது, எட்வின்." அவள் போனை இறக்கினாள். "பதிவாகி மூணு வருஷத்துக்குள்ள நடுவருக்கும் சாட்சிக்கும் உறவு வந்தா பதிவு ரத்து. அந்த விதியை எழுதினதே நான்தான். இதை உங்கிட்ட மறைச்சு விரல் வாங்க எனக்குப் பிடிக்கலை."

பம்ப் ஓடியது. எட்டாம் நாற்காலி காலியாக இருந்தது. அவனுடைய இடக்கை கட்டையை விட்டு அந்தப் பக்கமாகப் போய், ஒன்றும் இல்லாத இடத்தில் கொஞ்ச நேரம் நின்றது.

"வாரத்துக்கு மூணு தடவை," என்றான் கடைசியில். "மூணு வருஷம்னா நானூத்தி அறுபத்தெட்டு தடவை இந்த நாற்காலி. கோதண்டம் அண்ணன் ஆயிரத்துக்கு மேல உட்கார்ந்தாரு. எனக்கு முன்னால இதே ஏழாம் நம்பர்ல இருந்தவரு நூத்திருபதோட போயிட்டாரு."

அந்த இருவரில் அவன் யார் பக்கம் சேருவான் என்று இருவருக்கும் தெரியாது. மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் அவன் பெயர் இன்னும் நான்கு இலக்க எண்ணில்தான் இருந்தது.

"நீ சொல்லு. நீ வேண்டாம்னா நான் இப்பவே எழுந்து போயிடறேன். யாரும் உன்னைத் தப்பா நினைக்கமாட்டாங்க," என்றாள் மகதி.

"கோதண்டம் அண்ணன் சம்சாரம் காலைல எனக்கு போன் பண்ணிச்சு," என்றான் அவன். "அழுதுட்டே ஒண்ணுதான் கேட்டுது. 'அந்தப் பாட்டு போன்லயே இருக்கும்ல தம்பி?'ன்னு. இருக்கும்னு சொல்லிட்டேன், மகி."

நீதிமன்றத்தில் பதிந்திருந்தது அவனுடைய வலது கட்டைவிரல். ஊசி குத்தியிருந்ததும் அந்தக் கையில்தான். கையை மடக்கக்கூடாது. ஃபரீதா வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, குழாய்கள் அசையாமல் போனை அவன் விரலுக்கு அடியில் நுழைத்தார். விரல் பதிந்தது. மகதி தன் விரலை அதன் பக்கத்தில் வைத்தாள். போனின் கண்ணாடி அவன் சூட்டோடு இருந்தது.

நேரம் இரண்டு இருபது. இரண்டு நிமிடத்தில் சல்லடையின் குறிப்பு மாறியது: உறவு இல்லை. சாட்சி செல்லும்.

"பிரஷர் எறங்குது," என்றார் ஃபரீதா மானிட்டரைப் பார்த்து. பம்பைக் குறைத்தார். டொக்கு டொக்கு என்ற சத்தம் நிதானமானது. எட்வின் கண்ணை மூடிக்கொண்டு நெற்றி வியர்க்க, நிறுத்தின இடத்திலிருந்து பாட்டை எடுத்தான். மெதுவான தாளத்தில்.

*

மூன்றரைக்கு, மையத்தின் மருந்து அறையில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, மகதி எல்லாவற்றையும் சொன்னாள். தாளம் இறங்கிய முப்பத்தொரு இடங்கள். நாற்காலி வழக்கம். ஐந்து பேர். ஐந்தாவது ஆள் யார் என்பதையும், மதியம் இரண்டு இருபது வரை அவர் தன் கணவராக இருந்தார் என்பதையும்.

திரையில் உத்ராவின் முகம் இறுகியது.

"மகதி, இது சட்டத்தை ஏமாத்தற வேலை இல்லையா?"

"ஏமாத்தணும்னா மறைச்சிருப்பேன் மேடம். எதையும் மறைக்கலை. பதிவோட குறிப்புலயே எழுதிடுங்க, யார் வேணா படிக்கட்டும்."

"வெளிய என்ன பேசுவாங்க தெரியுமா? புருஷன் பாட்டுக்காக பொய் விவாகரத்துன்னு பேசுவாங்க. உங்க வேலை போனாலும் போகும்."

"பொய்யான்னு மூணு வருஷத்துல தெரிஞ்சிடும்."

"மூணு வருஷம்..." உத்ரா கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பிரிவை எழுதினது யாருன்னு ஞாபகம் இருக்கா? நான் ஒரு வருஷம் போதும்னேன். நீங்கதான் மூணு வேணும்னு அடம்பிடிச்சீங்க."

"ஞாபகம் இருக்கு மேடம்."

உத்ரா அறிக்கையை மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். சுவர்க் கடிகாரத்தில் நாலு மணி ஆனது.

"நான் இதுவரைக்கும் அறிக்கையைத்தான் படிச்சேன்," என்றார் உத்ரா. "பாட்டை ஒண்ணுகூட கேட்கலை. ஒண்ணு போடுங்க."

நாற்பத்தேழாவது பாட்டை மகதி ஓடவிட்டாள். கோதண்டத்தின் கட்டைக் குரல் அறையை நிறைத்தது. பதினோராவது நிமிடத்தில் தாளம் இறங்கியது. குரல் தடுமாறி, பின் பிடித்துக்கொண்டு நடந்தது.

"இங்க ஏன் மெதுவாச்சு?"

"அவருக்கு மயக்கம் வந்தது மேடம்."

"பாட்டை விடலையே?"

"விடலை."

பாட்டு முடியும்வரை உத்ரா கேட்டார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, யாரையோ கோபித்துக்கொள்கிறவர் போலக் கையொப்பமிட்டார். "முதல் வரியை நீங்களே எழுதுங்க. வழவழன்னு எழுதாதீங்க. நாற்காலியில ஆரம்பிங்க."

ஆறு மணிக்குச் சல்லடை ஓடியது. அன்று எத்தனையோ ஆயிரம் பாட்டுகள் மறைந்தன. இருநூற்றுப் பன்னிரண்டு மட்டும் அந்தந்த வீட்டு போன்களில் அப்படியே இருந்தன.

*

வியாழக்கிழமை மதியம் மகதி அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு ராயபுரம் போனாள். மையத்தின் வாசலில் வாட்ச்மேன் நோட்டை அவள் பக்கம் திருப்பினார்.

"நோயாளிக்கு சொந்தக்காரங்க மட்டுந்தாம்மா உள்ள போலாம். பேஷன்ட் யாரு?"

"எட்வின். ஏழாம் நாற்காலி."

"நீங்க அவருக்கு இன்னா வேணும்?"

பேனாவைப் பிடித்தபடி அவள் ஒரு கணம் நின்றாள். 'உறவு' என்ற கட்டம் காலியாக இருந்தது. பிறகு ஒரே எழுத்தை அழுத்தி எழுதினாள்.

கை.

வாட்ச்மேன் எட்டிப் படித்தார். மேலும் கீழும் பார்த்தார். கதவைத் திறந்துவிட்டார்.

எட்டாம் நாற்காலி இன்னும் காலியாக இருந்தது. அதன் விளிம்பில் உட்கார்ந்து அவள் வலது உள்ளங்கையை நீட்டினாள். எட்வின் அவளை நிமிர்ந்து பார்த்தான். பம்பைக் கொஞ்சம் காதில் வாங்கிக்கொண்டு, தன் இடக்கையால் அந்த உள்ளங்கையில் தட்டத் தொடங்கினான். அவளும் தட்டினாள். கண் கலங்கியதில் பம்பின் சத்தம் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஒரு அடி முந்தியது. அடுத்தது பிந்தியது.

"மகி," என்றான் அவன், பாட்டை நிறுத்தாமல், இரண்டு வரிக்கு நடுவில். "அட்ரஸ் இதான். கொரியர்காரனை வரச் சொல்லு."